பூம்புகாரிலிருந்து கோடிக்கரை வரை: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு மூன்று நாள் வழிகாட்டி

முதல்முறை நாங்கள் போனது ஒரு மே மாதம். நான், அம்மா, அக்கா மகன் என்று மூன்று பேர். சென்னையில் வியாழக்கிழமை இரவு ரயிலேறி வெள்ளிக்கிழமை காலை மயிலாடுதுறையில் இறங்கினோம். தரங்கம்பாடி போனால் கோட்டை வாசலில் பூட்டு. வெள்ளிக்கிழமை விடுமுறையாம். அன்றிரவு காரைக்காலில் ஏறி இறங்கிய விடுதி எதிலும் அறை இல்லை. மறுநாள் சனி, திருநள்ளாறு கூட்டம். மீன் ஏலம் பார்க்கலாம் என்று விடிகாலையில் எழுந்து நாகைத் துறைமுகத்துக்கு ஓடினால், விசைப்படகெல்லாம் வரிசையாகக் கட்டிக்கிடக்கின்றன. தடைக்காலம். கோடிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது நடுப்பகல். மானும் இல்லை, பறவையும் இல்லை. அம்மாவுக்குக் குடிக்கத் தண்ணீர் தேடி அலைந்ததுதான் மிச்சம்.

அடுத்த ஜனவரியில் அதே மூன்று பேர், அதே ஊர்கள். இந்தமுறை எல்லாம் பார்த்தோம். பூம்புகாரிலிருந்து கோடிக்கரை வரை மொத்தமே 130 கிலோமீட்டருக்குள்தான் வரும். இந்தக் கரையில் தூரம் ஒரு கஷ்டமே இல்லை. கிழமையும் மணியும்தான் காலை வாரிவிடும். அதனால் வரைபடத்தை அப்புறம் திறக்கலாம், முதலில் நாட்காட்டியை எடுங்கள்.

1. முதலில் மாதம்

ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி முடியும்வரை போவது நல்லது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது, கோடிக்கரையில் வலசைப் பறவைகளும் இருக்கும்.

அக்டோபரிலிருந்தே பறவைகள் வரத் தொடங்கிவிடும். ஆனால் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்றும் புயல் மாதங்கள். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் கரையேறியது நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில்தான். அந்த மாதங்களில்தான் போக முடியும் என்றால், கிளம்புவதற்கு முந்தைய நாள் வானிலை மையத்தின் அறிவிப்பைப் பாருங்கள். முன்பணம் கேட்காத விடுதியாகப் பிடியுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகுகளும் ஃபைபர் படகுகளும் போகும் என்பதால் மீன் அடியோடு இல்லாமல் போகாது; ஆனால் துறைமுகம் களையிழந்து கிடக்கும், சாப்பாட்டுக் கடையில் மீன் விலையும் ஏறியிருக்கும். தடைக்காலத்தில் பார்க்கக்கூடிய ஒரே நல்ல விஷயம், கரையேற்றிய படகுகளுக்கு நடக்கும் மராமத்தும் வண்ணப்பூச்சும்தான். அதற்காக மே மாத வெயிலில் அவ்வளவு தூரம் போகச் சொல்ல மாட்டேன்.

2. அப்புறம் கிழமை

என் கணக்கில் ஞாயிற்றுக்கிழமை தொடங்கி செவ்வாய்க்கிழமை முடிப்பதே சரி. காரணம் இதுதான்.

தரங்கம்பாடி டேனிஷ் கோட்டை அகழ்வைப்பகத்துக்கு (தொல்பொருள் காட்சிக்கூடம்) வெள்ளிக்கிழமை விடுமுறை. நாகப்பட்டினம் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமையோடு மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை. வெள்ளி இரவிலும் சனிக்கிழமையிலும் காரைக்கால், திருநள்ளாறு வட்டாரத்தில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆக வெள்ளியும் சனியும் போயிற்று. சனிக்கிழமை இரவு சென்னையில் ரயிலேறினால் ஞாயிறு காலை மயிலாடுதுறை. தேசிய விடுமுறை நாட்களையும் தவிர்த்துவிடுங்கள்.

கிழமையோடு இன்னும் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

அமாவாசை: தை அமாவாசை, ஆடி அமாவாசை நாட்களில் பூம்புகார் சங்கமத்துறையிலும் வேதாரண்யம், கோடிக்கரைக் கடற்கரைகளிலும் தர்ப்பணம் கொடுக்கப் பெருங்கூட்டம் வரும். தர்ப்பணம் கொடுக்கத்தான் போகிறீர்கள் என்றால் சரி. சுற்றிப் பார்க்க என்றால் வேண்டாம்.

முகூர்த்த நாள்: தரங்கம்பாடிக்குப் பக்கத்தில்தான் திருக்கடையூர். அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் நாள்தோறும் நடக்கிற ஊர். முகூர்த்த நாளென்றால் சுற்றுவட்டார விடுதி அத்தனையும் சொந்தக்காரர்களால் நிரம்பிவிடும். இதைப் பலர் யோசிப்பதே இல்லை.

திருவிழா: வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை. நாகூர் கந்தூரி இஸ்லாமிய நாட்காட்டிப்படி வருவதால் ஆண்டுதோறும் தேதி மாறும். இரண்டும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் அதற்கென்று தனியாகப் போக வேண்டும். இந்த மூன்று நாள் சுற்றோடு சேர்த்தால் இரண்டுமே கெடும்.

3. கையில் என்னென்ன காகிதம்

பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் அசல் ஆதார் அட்டை. நகல் மட்டும் கொண்டுபோய், ஒரு விடுதியில் அரை மணி நேரம் வாதாடியிருக்கிறேன். ரயிலிலும் அதுதான் கேட்பார்கள். கைப்பேசியில் அரசு செயலியில் இருக்கும் ஆதாரை ரயிலில் ஏற்றுக்கொள்கிறார்கள். சின்ன விடுதிகளில் அது அவரவர் மனசு. இரண்டு நகல்களும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சொந்த வண்டி என்றால் ஓட்டுநர் உரிமம், ஆர்சி, காப்பீடு, புகைச் சான்று நான்கும் வேண்டும். காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது என்பதை மறந்துவிடாதீர்கள். தரங்கம்பாடியிலிருந்து நாகூர் போக அதைக் கடந்துதான் ஆக வேண்டும். போகும்போதும் வெளியே வரும்போதும் சோதனைச் சாவடி உண்டு. வாடகைக் கார் என்றால், தமிழ்நாட்டு வண்டி புதுச்சேரி எல்லைக்குள் போவதற்கான பெர்மிட் செலவு யாருடையது என்பதை வண்டி ஏறுமுன் பேசி முடியுங்கள். பேசாமல் விட்டால் கடைசி நாள் கணக்கில் அது நம் தலையில்தான் விழும். விழுந்தது.

இன்னொன்று. காரைக்காலில் மதுவிலை குறைவு என்று பாட்டில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு நாகைப் பக்கம் வருகிறவர்கள் உண்டு. சாவடியில் பேருந்தையே நிறுத்திப் பைகளைத் திறந்து பார்க்கிறார்கள். ஒருவர் செய்ததற்கு மொத்தப் பேருந்தும் காத்துக் கிடந்ததை நேரில் பார்த்தேன். வாங்க வேண்டியது பெட்ரோல்தான். பெரும்பாலும் தமிழ்நாட்டைவிட விலை குறைவாக இருக்கும்.

நாகையிலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. ‘அப்படியே ஏறிப் பார்த்துவிட்டு வரலாமா’ என்று அக்கா மகன் கேட்டான். அது உலாப் படகு இல்லை, வெளிநாட்டுப் பயணம். கடவுச்சீட்டு வேண்டும், இலங்கை நுழைவு அனுமதி வேண்டும், முன்பதிவு வேண்டும். கடல் சீற்றமாக இருந்தால் கப்பல் கிளம்பாது. அதைத் தனிப் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள்.

டிரோன் கொண்டுபோகாதீர்கள். துறைமுகம், கடலோரக் காவல், சரணாலயம் என்று வழி நெடுகத் தடைதான்.

4. போய்ச் சேர்வதும் தங்குவதும்

தரங்கம்பாடிக்கு இப்போது ரயில் இல்லை. இறங்க வேண்டிய இடம் மயிலாடுதுறை. ரயில் பயணச்சீட்டு முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். தென்மாவட்ட ரயில்கள் பல இந்த வழியாகப் போவதால் சனி இரவு இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். படுக்கை வசதிக்கு ஒருவருக்கு ஏறக்குறைய 200 ரூபாய் ஆனது.

மயிலாடுதுறைச் சந்திப்பிலிருந்து பேருந்து நிலையம் நடக்கிற தூரமில்லை. ஆட்டோவோ நகரப் பேருந்தோ பிடிக்க வேண்டும். வெளுப்பதற்கு முன் இறங்கினால் ஆட்டோக் கட்டணம் கொஞ்சம் கூடுதலாகத்தான் சொல்வார்கள்.

இரண்டு இரவுகள் தங்க வேண்டும். முதல் இரவு தரங்கம்பாடி அல்லது ஒட்டியிருக்கும் பொறையார். இரண்டாம் இரவு வேதாரண்யம். எல்லோரும் இரண்டு இரவும் வேளாங்கண்ணியில் தங்குவார்கள். அங்கே விடுதிகள் ஏராளம் என்பதால்தான். ஆனால் அங்கிருந்து கோடிக்கரைக்கு ஐம்பது கிலோமீட்டர். விடியலில் காட்டுக்குள் இருக்க முடியாது. முதல்முறை நாங்கள் கெட்டது அப்படித்தான்.

தரங்கம்பாடிக் கோட்டைக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்த பழைய மாளிகையொன்று விடுதியாக இருக்கிறது. அழகுதான், வாடகையும் அதற்கேற்றபடி. நாங்கள் பொறையாரில் 1,200 ரூபாய் அறையில் தங்கினோம். கொசு உண்டு.

5. முதல் நாள் காலை: பூம்புகார்

மயிலாடுதுறையிலிருந்து பூம்புகார் 24 கிலோமீட்டர். ஏழு மணிப் பேருந்தில் ஏறினால் எட்டு மணிக்குக் காவிரி கடலில் கலக்கும் இடத்தில் நிற்கலாம். அந்தச் சங்கமத்தைப் பார்த்து முதல்முறை போகிறவர்கள் ஏமாறுவது சகஜம். கல்லணையையும் அத்தனை வாய்க்கால்களையும் தாண்டி வரும்போது காவிரி ஒரு சின்ன ஓடை அளவுக்குத்தான் இருக்கும். கோடையில் அதுவும் மணல்மேடுதான். இதை முன்பே தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது.

பூம்புகாரில் மண்ணுக்கு மேல் பழைய பட்டினத்தைத் தேடக்கூடாது. இருப்பவை சிதறிக் கிடக்கின்றன. கீழையூரில் அகழாய்வில் கண்டெடுத்த செங்கல் படகுத்துறை, பல்லவனேஸ்வரத்தில் புத்த விகாரையின் அடித்தளம், அப்புறம் கடலுக்கடியில் தேடியெடுத்த பொருட்களுக்கென்று தொல்லியல் துறை 1997-இல் அமைத்த அகழ்வைப்பகம். அகழ்வைப்பகம் சின்னதுதான், ஆனால் கடலோர வரலாறு என்று கிளம்பியவர்கள் இதை விடக்கூடாது. பூம்புகாருக்கு நேரே கடலடியில் மூழ்கிக் கிடந்த ஒரு கப்பலில் ஈயக் கட்டிகள் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. அந்தச் செய்தியை மட்டும் தெரிந்துகொண்டு கரையில் நின்றால் கடல் வேறு மாதிரி தெரியும்.

கீழையூர், பல்லவனேஸ்வரம் இரண்டுக்கும் நடந்து போவது சிரமம். ஒரு ஆட்டோ பேசி, ‘இரண்டையும் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும், காத்திருப்பும் சேர்த்துத்தான்’ என்று சொல்லி ஏறுங்கள். காத்திருப்புக்குத் தனியாகக் கேட்பது இங்கே வழக்கமான தகராறு.

சிலப்பதிகாரக் கலைக்கூடம் 1973-இல் கட்டியது, ஏழு நிலை மாடம். நடுவில் புதுப்பிப்பு வேலை நடந்த இடம் என்பதால், திறந்திருக்கிறதா என்று மயிலாடுதுறையிலேயே விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். கதை தெரியாத பிள்ளைகளோடு போனால் முந்தைய இரவு ரயிலிலேயே கதையைச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அவர்களுக்கு அது வெறும் கல் படம்.

பதினொன்றரைக்குள் கிளம்பிவிட வேண்டும். இங்கிருந்து தரங்கம்பாடிக்கு நேர்ப் பேருந்துக்காகக் காத்திருக்காதீர்கள். வரும் பேருந்தில் ஏறி நடத்துநரிடம் ‘தரங்கம்பாடி போகணும்’ என்று சொன்னால் எங்கே இறங்கி மாற வேண்டும் என்று அவரே சொல்வார். தரங்கம்பாடி என்று பலகை போட்ட பேருந்து வரவில்லை என்று முதல்முறை முக்கால் மணி நேரம் நின்றோம். பொறையார் என்று போட்டிருந்தாலும் ஏறலாம்.

6. முதல் நாள் மதியத்துக்குப் பின்: தரங்கம்பாடி

இந்தச் சுற்றில் எனக்குப் பிடித்த ஊர் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

பேருந்து முதன்மைச் சாலையில் இறக்கிவிடும். அங்கிருந்து கடலை நோக்கி நடந்தால் ஊர் வாயில் வரும். 1792-இல் கட்டிய வெள்ளை வாயில். அதைக் கடந்ததும் ஊரின் சத்தம் நின்றுவிடும். வாயிலிலிருந்து கடல் வரை ஒரே நேர்த்தெரு. பார்க்க வேண்டிய எல்லாமே அந்தத் தெருவிலும் அதன் இரு பக்கத்திலும்தான். ஆட்டோ வேண்டாம். பெரியவர்கள்கூட நடந்துவிடலாம், கோட்டையின் படிகளும் மணலும்தான் சிரமம்.

வரிசை முக்கியம். முதலில் கோட்டைக்குப் போங்கள், ஏனென்றால் ஐந்து மணிவாக்கில் அது மூடிவிடும். 1620-இல் டேனிஷ்காரர்கள் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் பெற்றுக் கட்டியது. கீழ்த்தளத்தில் கிடங்கு, சமையற்கூடம், சிறை. மேல்தளத்தில் ஆளுநர் தங்கிய அறைகள். நுழைவுச் சீட்டுக்குச் சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் போனபோது மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு தேநீர்ச் செலவுகூட ஆகவில்லை. படம் எடுப்பதாக இருந்தால் சீட்டு வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். கல்யாண ஜோடிகளை வைத்துப் படமெடுக்கும் கூட்டம் மாலையில் வரும். அதற்கு அனுமதி வேறு, கட்டணம் வேறு.

அடுத்து தேவாலயங்கள். 1701-இல் கட்டிய சீயோன் ஆலயம், 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம். சீகன்பால்கு அடக்கமாகியிருப்பது இரண்டாவதில். 1706-இல் இந்தக் கரையில் இறங்கி, தமிழ் படித்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டவர். அவர் வாழ்ந்த வீடும் அருங்காட்சியகமாக இருக்கிறது. அச்சுத் தொழிலில் ஆர்வம் உள்ளவர்கள் தவறவிடக் கூடாது. ஆலயங்கள் ஆராதனை இல்லாத நேரத்தில் பூட்டியிருக்கலாம். ஞாயிறு மதியம் நாங்கள் போனபோதும் பூட்டுத்தான். பக்கத்தில் விசாரித்து, பொறுப்பாளரிடம் தன்மையாகக் கேட்டோம், திறந்து காட்டினார். செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள், உள்ளே உரக்கப் பேசாதீர்கள், கிளம்பும்போது காணிக்கைப் பெட்டியில் ஏதாவது போடுங்கள்.

மாசிலாமணிநாதர் கோயிலை மறுநாள் விடியலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1306-இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில். முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. எஞ்சியதைக் காப்பாற்றக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். ஜனவரியில் ஆறரை மணிவாக்கில் சூரியன் கடலிலிருந்து கிளம்பும்போது கோயிலுக்கும் கோட்டைக்கும் நடுவில் நில்லுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் சிவக்கும். அலையடித்துப் பாசி பிடித்த கற்கள் மேல் ஏறாதீர்கள். அக்கா மகன் ஏறினான். முழங்கால் சிராய்ப்போடு போயிற்று.

இங்கே ஓசோன் காற்று அதிகம், நோய் தீரும் என்று ஒரு பேச்சு உண்டு. வெறும் கடற்காற்றே நன்றாகத்தான் இருக்கிறது, அது போதும்.

மாலை ஏழு மணிக்கு மேல் கோட்டைப் பக்கம் சாப்பாடு கிடைப்பது கஷ்டம். பொறையாரில் சாப்பிட்டுவிடுங்கள்.

7. இரண்டாம் நாள்: காரைக்கால் முதல் வேதாரண்யம் வரை

இந்த நாளில் ஊர் அதிகம், எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்பட்டால் ஒன்றையும் பார்க்க முடியாது. எட்டரைக்குத் தரங்கம்பாடியில் பேருந்து ஏறுங்கள். காரைக்காலில் பேருந்து மாறுவதோடு சரி. எனக்கு அங்கே நிற்கத் தோன்றவில்லை. அம்மாவுக்காகக் காரைக்கால் அம்மையார் கோயில் மட்டும். கோயில்கள் பன்னிரண்டு மணிக்கு நடை சாத்தி நாலு மணிக்கு மேல்தான் திறக்கும் என்பது இந்தக் கரை முழுக்கப் பொருந்தும்.

நாகூர் தர்காவுக்குப் பத்தரைக்குப் போய்விடலாம். ஐந்து மினாராக்கள், உயரமானது 131 அடி. கடலோடிகளுக்கு அந்தக் காலத்தில் இது தூரத்து அடையாளம். தலையை மூடத் துணி கொண்டுபோங்கள். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரம் என்பது இன்னொரு காரணம், வெள்ளியைத் தவிர்க்க. வெளியே கடைத்தெருவில் தம்ரூட் என்ற இனிப்பு வாங்காமல் வராதீர்கள். மூன்று நாள் தாங்கும்.

நாகூரிலிருந்து நாகை 6 கிலோமீட்டர், நகரப் பேருந்து அடிக்கடி உண்டு. தமிழ்நாட்டுச் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. புறநகர்ப் பேருந்தில் உண்டு. அம்மா இந்த வித்தியாசம் தெரியாமல் நடத்துநரோடு வாதிட்டார். பேருந்தின் நிறத்தையும் பலகையையும் பார்த்து ஏறுங்கள்.

நாகையில் மதியச் சாப்பாடு, அப்புறம் அரசு அருங்காட்சியகம். டச்சுக்காரர்கள் 1658-இல் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்த ஊர் இது. 1690 முதல் 1781 வரை இந்தக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுதான். 1774-இல் அவர்கள் கட்டிய பேதுரு ஆலயம் ஊருக்குள் இருக்கிறது. டச்சுக் கல்லறைகளும் உண்டு. வழி கேட்கும்போது ‘டச்சுக்காரன் கட்டினது’ என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. தெருப்பெயர் சொல்லிக் கேளுங்கள். நாலு மணிக்கு நீலாயதாட்சி அம்மன் கோயில் திறக்கும். நாயன்மார்களில் ஒருவரான அதிபத்தர் இந்த ஊர்ப் பரதவர். ஆவணி மாதத்தில் அவர் தங்க மீனைக் கடலில் விடும் விழா இங்கே நடக்கும். அந்த நாளில் வர முடிந்தால் இந்த முழுத் திட்டத்தையும் மாற்றியமைக்கலாம், தவறில்லை.

மீன் ஏலம் பார்க்க வேண்டும் என்றால் விடிகாலையில் நாகைத் துறைமுகத்தில் இருக்க வேண்டும். அதற்கு நாகையில் இரவு தங்க வேண்டும். அப்படித் தங்கினால் கோடிக்கரை விடியல் போய்விடும். மூன்று நாளில் இரண்டும் கிடைக்காது. நான்கு நாள் இருந்தால் நாகையில் ஓர் இரவு சேர்த்துக்கொள்ளுங்கள். ஏலத்தில் நிற்கும்போது கூடை தூக்கி ஓடுகிறவர்களின் வழியை மறிக்காதீர்கள். வலையை மிதிக்காதீர்கள், தாண்டாதீர்கள். படகில் செருப்புக் காலோடு ஏறாதீர்கள். படம் எடுப்பதற்குமுன் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டால் அவர்களே மீனைத் தூக்கிக் காட்டுவார்கள்.

வேளாங்கண்ணி வழியில்தான் இருக்கிறது. பேராலயத்துக்கு ஒரு மணி நேரம் போதும். புயலில் தப்பிய போர்த்துகீசியக் கப்பலோட்டிகள் நன்றிக்கடனாகக் கட்டிய ஆலயம் என்பது மரபு; அதனால் இதுவும் கடலோடிகளின் வரலாறுதான். அங்கிருந்து ஆறு மணிக்குள் வேதாரண்யத்துக்குப் பேருந்து ஏறிவிடுங்கள். இருட்டியபின் பேருந்தின் இடைவெளி கூடிவிடும்.

8. மூன்றாம் நாள்: கோடிக்கரை

வேதாரண்யத்தில் ஐந்து மணிக்கு எழுந்துவிட வேண்டும். கோடிக்கரை பதினோரு கிலோமீட்டர். முதல் பேருந்தை நம்பினால் நேரமாகிவிடும். முந்தைய இரவே ஒரு ஆட்டோவோ வேனோ பேசி வையுங்கள். காலை ஆறிலிருந்து பதினொன்று வரை, காத்திருப்பு சேர்த்து, எங்களிடம் 1,400 ரூபாய் வாங்கினார். ஓட்டுநரின் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். காலையில் நாம்தான் அவரை எழுப்ப வேண்டியிருக்கும்.

வழியில் அகஸ்தியம்பள்ளி. 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து ஏப்ரல் 30 அன்று உப்பு அள்ளிய இடம். நினைவுத் தூண் இருக்கிறது. அதைத் திரும்பும்போது பார்க்கலாம், ஓடிப்போகாது. மான்தான் ஓடும்.

சரணாலயம் 1967-இல் வெளிமானுக்காக உருவானது. 2002-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. வனத்துறையிடம் நுழைவுச் சீட்டு, வண்டிக்குச் சீட்டு, கேமராவுக்குச் சீட்டு என்று தனித்தனியாக வாங்க வேண்டும். பெரிய கேமரா, வீடியோ எல்லாவற்றுக்கும் கட்டணம் வேறு. பணமாக வைத்திருங்கள், அங்கே கைப்பேசிச் சிக்னல் விட்டுவிட்டு வரும், கூகுள் பேயை நம்ப முடியாது. சீட்டுக் கொடுப்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: பூநாரை இப்போது எந்தப் பக்கம் நிற்கிறது, அங்கே போக அனுமதி உண்டா. சதுப்பில் நீர் அளவைப் பொறுத்து இடம் மாறும், சில பகுதிகளுக்குத் தனி அனுமதி வேண்டும். வழிகாட்டி கிடைத்தால் கூட்டிக்கொள்ளுங்கள். நாங்கள் தனியாகச் சுற்றியபோது ஒரு மணி நேரத்தில் பார்த்ததை வழிகாட்டி பத்து நிமிடத்தில் காட்டினார்.

வெளிமான் புல்வெளியில் காலை எட்டு வரைக்கும், மாலை நாலுக்கு மேலும்தான். நடுவில் நிழலுக்குப் போய்விடும். வண்டியிலிருந்து இறங்கிக் கிட்டப் போனால் மந்தையே ஓடிவிடும், வண்டிக்குள்ளிருந்தே பாருங்கள். பூநாரைகள் வெகுதூரத்தில் வெள்ளைக் கோடாகத்தான் தெரியும். பைனாகுலர் இல்லாமல் போவது வீண். எங்களிடம் இல்லை, பக்கத்தில் நின்ற குடும்பத்திடம் கடன் வாங்கினோம். குரங்குகள் உண்டு, தின்பண்டப் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள்.

காட்டைப் பார்த்தபின் இராமர் பாதம், குழகர் கோயில், அப்புறம் கரைக்கு. சோழர் காலத்தது என்று சொல்லப்படும் பழைய கலங்கரை விளக்கத்தின் மிச்சம் கரையில் இருக்கிறது. 2004 சுனாமியில் விழுந்து, அடிக்கட்டை மட்டும் நிற்கிறது. எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு போங்கள். ஆனால் வங்கக் கடலும் பாக் நீரிணையும் சேரும் முனையில் நின்றுகொண்டு அந்தச் செங்கல் குவியலைப் பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமை முட்டைகளை வனத்துறை பொரிப்பகத்தில் காக்கிறார்கள். குஞ்சுகளைக் கடலில் விடும் நாள் அமைந்தால் அதிர்ஷ்டம்.

குடிநீரும் காலைச் சாப்பாடும் வேதாரண்யத்திலிருந்தே கட்டி எடுத்துப் போங்கள். கோடிக்கரையில் தேநீர் கிடைக்கும். அதற்குமேல் நம்ப வேண்டாம். அங்கேயே தங்க ஆசைப்பட்டால் வனத்துறையின் ஓய்வு விடுதி இருக்கிறது, பூநாரை இல்லம் என்று பெயர். நாகையில் உள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். நேரில் போய் நின்று கேட்டால் கிடைக்காது.

9. செலவு எவ்வளவு ஆனது

மூன்று பேருக்கு, பேருந்திலேயே சுற்றி, சென்னையிலிருந்து போய்வர எங்களுக்கு 9,000 ரூபாய்க்குக் கொஞ்சம் கூடுதல். அறை வாடகை இரண்டு இரவுக்கு 2,500. ஆட்டோவும் வேனும் சேர்ந்து அதே அளவு. சாப்பாடு 2,200 போல. ரயிலும் பேருந்தும் இரண்டாயிரத்துக்குள். நுழைவுச் சீட்டுகள் எல்லாம் கூட்டினாலும் சில நூறுதான்.

நாலைந்து பேர் இருந்தால் மயிலாடுதுறையில் கார் பிடிப்பது லாபம். நாள் வாடகை, கிலோமீட்டர் வரம்பு, ஓட்டுநர் படி, பெர்மிட் நான்கையும் தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். கடற்கரை மணலில் வண்டியை இறக்கச் சொல்லாதீர்கள். மாட்டிக்கொண்டால் தூக்கிவிடும் செலவு நம்முடையது.

10. கடலில் இறங்குமுன்

பூம்புகாரிலும் வேளாங்கண்ணியிலும் குளிக்கப் போய் உயிர்விட்டவர்களின் செய்தி ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. ஆறு கடலில் கலக்கும் இடத்தில் அடிமணல் நாளுக்கு நாள் மாறும். நேற்று முழங்கால் அளவு இருந்த இடம் இன்று ஆளையே மூழ்கடிக்கும். கல் கொட்டிய தடுப்புகளுக்குப் பக்கத்தில் நீர் உள்ளே இழுக்கும். காவலர் விசில் அடித்தால் வெளியே வாருங்கள். யாரும் இல்லையென்றால் வலை பின்னிக்கொண்டிருப்பவரிடம் ‘இன்னைக்குக் கடல் எப்படிண்ணே இருக்கு?’ என்று கேளுங்கள். அவர் தலையாட்டினால் மட்டும் கணுக்கால் வரை.

கலங்கரை விளக்கங்களில் ஏறிப் பார்க்க ஆசைப்பட்டால், பார்வையாளர்களை விடுவது பெரும்பாலும் பிற்பகலில் சிறிது நேரம்தான். காலையில் போய்க் கதவைத் தட்டாதீர்கள்.

11. திரும்பும் வழி

2023-இல் திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு அகல ரயில்பாதை திறந்தது. ஆனால் ரயில்கள் குறைவு. நேரம் பார்க்காமல் நிலையத்துக்குப் போனால் காத்துக் கிடக்க வேண்டியதுதான். வேதாரண்யத்திலிருந்து சென்னைக்கு இரவு அரசு விரைவுப் பேருந்து இருக்கிறது. கிளம்பும் முன்பே முன்பதிவு செய்துவிடுங்கள். பகலெல்லாம் இடைவெளி கிடைக்கும், அதில் உப்பளங்களைப் பார்க்கலாம். பாத்தி வரப்பில் நடக்கிறவர்கள் முதலில் அங்கே வேலை செய்பவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் செருப்பில் ஒட்டிய உப்புச் சேற்றைக் கழுவிவிட்டுப் பேருந்தில் ஏறுங்கள். நாங்கள் கழுவாமல் ஏறி, திருத்துறைப்பூண்டி வரை நடத்துநரிடம் பேச்சு வாங்கினோம்.